ஒழுகும் தளம், ஓதம் ஏறிய சுவர்: 40,000 ரூபாயை எங்கே போடுவது?

கேள்வி: ஐயா, வெள்ளகோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீடு 1998ல் மாமனார் கட்டியது. முன்னால் 900 சதுர அடி காங்கிரீட் தளம், மேலே தட்டோடு பதித்தது. பின்னால் சமையல்கட்டு மட்டும் சீமை ஓடு. போன ஐப்பசி மழையில் ஆசாரத்தில் (முன் கூடத்தில்) ஃபேன் மாட்டியிருக்கும் இடத்திலேயே சொட்டியது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் நிற்கவில்லை. மேற்கு அறைச் சுவரில் அடியிலிருந்து பெயின்ட் உரிந்து, உப்புப் பூத்து உதிர்கிறது. இளைப்பு உள்ள மாமியார் அந்த அறையில்தான் படுக்கிறார். சித்திரையில் இரவு பதினொரு மணி வரை தளம் அனல் வீசுகிறது. ஆடியில் ஓடு தடதடக்கிறது, சாரல் அடுப்பு வரை வருகிறது. ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, மாடி முழுக்கத் தார் ஷீட் ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், 1,10,000 ரூபாய் ஆகும் என்கிறார். எங்களிடம் 40,000தான் இருக்கிறது. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். கடன் வாங்க மனமில்லை. எங்கள் பக்கம் கொத்தனாருக்கு 1,100, சித்தாளுக்கு 750 கூலி. எதை முதலில் செய்வது, எதை விடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு தொல்லைகளும் நான்கு வேறு வேறு காரணங்களால் வருபவை. மாடியில் எதைக் கொண்டுவந்து ஒட்டினாலும் சுவரடி ஓதம் குறையாது, சமையல்கட்டு ஓடும் ஆடாமல் நிற்காது. அந்த 1,10,000 ரூபாய் வேலையில் சரியாகக்கூடியது ஒழுகல் ஒன்றுதான், அதுவும் வேலை ஒழுங்காக நடந்தால். கையிலிருக்கும் 40,000த்தை வரிசை பார்த்துச் செலவழித்தால் இந்த வருஷமே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். உங்கள் கடிதம் மாசியில் வந்ததும் நல்லதாயிற்று. கோடை மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஃபேன். தண்ணீர் சொட்டிய இடத்தில் கரண்ட் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஃபேனுக்குப் போகும் ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வேலை முடியும் வரை டேபிள் ஃபேன் போதும். அப்புறம், ஃபேன் இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணி அங்கே மட்டும் சிமென்ட் பால் ஊற்றிவிடாதீர்கள். தளம் போடும்போதே காங்கிரீட்டுக்குள் ஒயர் பைப்பைப் பதித்திருப்பார்கள். எங்கேயோ விரிசலில் இறங்கும் தண்ணீர் அந்தப் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி, கீழே திறப்பாக இருக்கும் முதல் இடமான ஃபேன் பெட்டியில் சொட்டும். நுழைந்த இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம்.

ஃபேனைச் சுற்றியுள்ள தளத்தின் அடிப்பகுதியை ஒரு சின்னக் கம்பால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. பொள்ளலாக டொக் டொக் என்றால் அங்கே பூச்சு விட்டுவிட்டது. அந்தப் பூச்சைத் தட்டி எடுக்கச் சொல்லி உள்ளே கம்பியைப் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருத்து, தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டையே உடைத்துத் தள்ளும். மேலோட்டமான துரு என்றால், கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடிவிடலாம். துரு அடை அடையாக உரிந்து கம்பி மெலிந்து போயிருந்தாலோ, கம்பி ஓடும் வாக்கிலேயே நீளமாக விரிசல் இருந்தாலோ, வேறு எதையும் தொடாமல் ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். அப்போது பிரச்சினை ஒழுகல் அல்ல, தளத்தின் பலம்.

சரி, மாடிக்கு வருவோம். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் சொட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்கு நிறையச் சொல்கிறது. அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் காங்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போல அடித்து, அதற்கு மேல் தட்டோடு பதிப்பது வழக்கம். வெயிலுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் காலப்போக்கில் தட்டோட்டு இடுக்குகளில் உள்ள சிமென்ட் விட்டுப்போகும். அந்த இடுக்கு வழியே இறங்கும் மழைத் தண்ணீரை ஜல்லி அடுக்கு பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொள்ளும். மழை விட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மழையே இல்லாத நாளிலும் அந்த இடம் ஈரமாக இருந்தால் மட்டும் மாடித் தொட்டியையும் அதன் பைப்புகளையும் சந்தேகப்படுங்கள்.

தார் ஷீட் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஈரம் குடித்த ஜல்லி அடுக்கின் தலையில் ஷீட்டை ஒட்டி மூடினால், உள்ளே இருக்கும் ஈரத்துக்கு மேலே போக வழியில்லை. பங்குனி வெயிலில் அது ஆவியாகி ஷீட்டை அங்கங்கே கொப்புளமாகத் தூக்கும். கொப்புளம் உடைந்த இடத்தில் மறுபடி தண்ணீர் இறங்கும். இந்த முறை எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கறுப்பு ஷீட் வெயிலை இழுத்து, ஏற்கெனவே அனலாக இருக்கும் வீட்டை இன்னும் சூடாக்கும். இந்த ஷீட்டுக்கும் ஏற்ற இடங்கள் உண்டு. பழைய தட்டோட்டு மாடியின் மேல்பகுதி அவற்றில் ஒன்றல்ல.

இன்னொரு யோசனையும் உங்களிடம் யாராவது சொல்வார்கள்: பழையது அப்படியே இருக்கட்டும், அதன் மேலேயே புதிதாக ஒரு அடுக்கு போட்டுவிடலாம் என்று. ஒத்துக்கொள்ளாதீர்கள். 900 சதுர அடிக்கு மூன்று அங்குல ஜல்லிச் சுண்ணாம்பு என்பது சுமார் பத்து டன். 1998ல் போட்ட தளத்தின் மேல் இரண்டாவது பத்து டன்னை ஏற்றுவது பெரிய தவறு.

செய்ய வேண்டியது வேறு. நம் கொங்குப் பகுதி மழை குறைந்த பக்கம். அதனால் வீடு கட்டும்போது வாட்டத்தைப் பற்றி, அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. "இங்கே எங்கே மழை பெய்யுது" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் நமக்குப் பெய்யும் கொஞ்ச மழையும் நாள் முழுக்கத் தூறிப் போவதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் சாயங்காலம் இடி இடித்து ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். உங்கள் மாடியில் ஒரு அங்குல மழை விழுந்தால் அது 2,100 லிட்டர் தண்ணீர். அவ்வளவும் நிற்காமல் வெளியேற வேண்டும். வாட்டம் சரியில்லாத மாடியில் அது குட்டையாக நின்று, இடுக்குகளைத் தேடித் தேடி உள்ளே இறங்கும். மாடியில் தண்ணீர் நிற்கும் வரை எந்தக் கம்பெனிப் பூச்சும் நிலைக்காது என்பது என் அனுபவம்.

ஒரு நாள் காலையில் மாடியை நன்றாகக் கூட்டிவிட்டு, மேடான பக்கத்திலிருந்து ஹோஸ் வைத்துத் தண்ணீர் விடுங்கள். நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் போய், குட்டை நிற்கும் இடங்களைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டு வையுங்கள். பத்தடி தூரத்துக்கு ஒன்றரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். கோடு போட்ட பள்ளங்களை மட்டும் பாலிமர் கலந்த மெல்லிய கலவையால் மேடாக்கி, தண்ணீர் விழுகுழாய் வாய்க்குப் போகும்படி செய்தால் போதும். மாடி முழுக்கக் கலவை போடத் தேவையில்லை. விழுகுழாயின் வாயையும் பாருங்கள். பல வீடுகளில் பைப்பின் விளிம்பு தட்டோட்டைவிட அரை அங்குலம் உயர்ந்து நிற்கும். அந்த அரை அங்குலத்துக்கு மாடியில் எப்போதும் தண்ணீர் தேங்கும். சுற்றி இரண்டு தட்டோடுகளைப் பெயர்த்து, வாயைத் தாழ்த்தி வைக்க வேண்டும். ஒரே ஒரு விழுகுழாய்தான் இருக்கிறது என்றால் இரண்டாவது ஒன்று போட்டுவிடுங்கள். வேப்பஞ் சருகு ஒன்றை அடைத்தால் இன்னொன்று காப்பாற்றும். பைப் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

பள்ளம் முடிந்ததும் இடுக்கு. தட்டோடுகளைக் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் வருவதைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்க வேண்டும். மற்றவற்றில், விட்டுப்போன இடுக்குகளை மட்டும் அரை அங்குல ஆழத்துக்குக் கீறி, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து, சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று கலவையில் நீர்த்தடுப்பு மருந்து சேர்த்து அழுத்தி நிரப்ப வேண்டும். மருந்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. அதிகம் ஊற்றினால் கலவையின் பலம் போகும். கீறாமல், பழைய இடுக்கின் மேலேயே சிமென்டை வழித்துவிட்டுப் போகிற கொத்தனாரைப் பக்கத்தில் நின்று தடுத்து நிறுத்துங்கள். அந்த வேலை ஒரு கோடைகூடத் தாங்காது. சித்திரை வெயிலில் கலவை சுருக்கென்று காய்ந்து வெடிக்கும். அதனால் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் பூசி, ஈரச் சாக்கு போட்டு, ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். கலவைக்கு உப்பான போர்த் தண்ணீர் வேண்டாம், குடிநீர் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

மாடியில் அதிகம் ஒழுகும் இடம் நடுப்பகுதி அல்ல. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான். வெயிலில் தளம் நீளும், இரவில் சுருங்கும். சுவர் அந்த அளவுக்கு அசையாது. வருஷக்கணக்கில் இந்த இழுபறியில் மூலையில் மயிரிழை விரிசல் விழும். வெறும் சிமென்ட் வைத்து அடைத்தால் அடுத்த வெயிலில் திறந்துகொள்ளும். அந்த மூலையைச் சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாகப் பூசி, அதன் மேல் சுவரில் ஒரு அடி, தளத்தில் ஒரு அடி அகலத்துக்கு, நடுவில் கண்ணாடியிழை வலை வைத்து, பொடியும் பால் போன்ற திரவமும் கலந்து அடிக்கும் அக்ரிலிக் சிமென்ட் பூச்சை இரண்டு கோட் கொடுக்கச் சொல்லுங்கள். விழுகுழாய் வாயைச் சுற்றியும் இதே போல. இது மட்டும் செய்தாலே பல வீடுகளில் ஒழுகல் நின்றுவிடுகிறது.

கடையில் இரண்டு வகை விற்பார்கள், கவனம். பொடியும் பாலும் கலந்து அடிக்கும் வகைக்குத் தளம் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். டப்பாவைத் திறந்து அப்படியே பெயின்ட் போல அடிக்கிற ரப்பர் மாதிரியான வகைக்குத் தளம் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றிச் செய்துவிட்டு, பூச்சு உரிந்து வந்ததும் கம்பெனியைத் திட்டுகிற வீடுகள் நிறைய. மாடியில் டிஷ் ஆன்டெனா, துணிக்கொடிக் கொக்கி என்று போல்ட் அடித்த இடங்களையும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு போல்ட்டும் ஒரு ஓட்டை.

மேற்கு அறைச் சுவருக்கு வருகிறேன். அடியிலிருந்து மூன்றடிக்குள் உப்புப் பூத்து உதிர்ந்தால் அது பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுகிற ஓதம். மாடித் தண்ணீர் என்றால் மேலிருந்து கீழே வழிந்த தடம் இருக்கும். வெளியே போய் அந்தச் சுவரின் அடியைப் பாருங்கள். மாடி விழுகுழாய் அங்கேதான் சுவரை ஒட்டித் தண்ணீரைக் கொட்டுகிறதா? காலப்போக்கில் மண் சேர்ந்தோ, சிமென்ட் தரை போட்டோ, வெளித் தரை வீட்டின் உள்தரை மட்டத்துக்கு உயர்ந்துவிட்டதா? அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் பைப்போ, குளியலறையோ இருக்கிறதா? மேலே சொன்ன 2,100 லிட்டரும் ஒவ்வொரு மழைக்கும் சுவரடியில் இறங்கினால் எந்தச் சுவரும் ஈரம் குடிக்காமல் இருக்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு சதுர அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வேர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

வைத்தியம் வெளியேதான் தொடங்க வேண்டும். விழுகுழாயின் வாயை ஒரு பிவிசி பைப்பால் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் மழைநீர்க் குழியில் விடுங்கள். தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அன்று வெட்டிய குழி பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால் தூர் வாரிப் பயன்படுத்துங்கள். சேர்ந்த மண்ணை உள்தரையிலிருந்து அரை அடி கீழே இருக்கும்படி வெட்டி எடுத்து, சுவரிலிருந்து மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தரை போட்டுவிட்டால் சுவரடி வறண்டுவிடும்.

உள்பக்கம் அவசரப்பட வேண்டாம். உப்புக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, செங்கல்லை அப்படியே வெயில் காலம் முழுக்கக் காய விடுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை. ஈரச் சுவரின் மேல் வாட்டர் புரூஃப் பட்டி, டைல்ஸ் என்று ஒட்டி மூடினால் ஈரம் போக இடமில்லாமல் இன்னும் மேலே ஏறும். இப்போது மூன்றடியில் நிற்கும் ஓதம் அடுத்த வருஷம் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, சிமென்டும் சுண்ணாம்பும் ஒரு பங்கு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு கலந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும். பூச்சைத் தட்டுகிற நாட்களில் தூசி பறக்கும். இளைப்பு உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது. அந்த வாரம் முழுக்க மாமியாரை வேறு அறையில் படுக்க வையுங்கள். சுவர் காயும் வரை கட்டிலைச் சுவரை விட்டு ஒரு அடி தள்ளிப் போடுவதும் நல்லது.

நம் பக்கம் மேற்குச் சுவருக்குச் சோதனை அதிகம். சாயங்கால வெயிலும் அதன் மேல்தான், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் அதன் மேல்தான். மேற்கு ஜன்னல் சன்ஷேடின் அடிப்பக்கம் பாருங்கள். விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாக்கில் அரை அங்குலக் காடி (பள்ளக்கோடு) இருக்க வேண்டும். தண்ணீர் அந்தக் காடியில் அறுந்து கீழே சொட்டிவிடும். காடி இல்லாவிட்டால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். கொத்தனார் கட்டிங் மெஷினில் அரை மணி நேரத்தில் ஒரு காடி கீறிவிடுவார். ஜன்னலுக்கு வெளியே ஒரு அடி தள்ளிப் பச்சை நிழல்வலை கட்டினால் வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படும். உள்ளே போடும் திரைச்சீலையால் அது முடியாது. இடமிருந்தால் மூன்றடி தள்ளி ஒரு அவரைப் பந்தலோ கோவைப் பந்தலோ போடுங்கள். சுவரில் நேராகக் கொடி ஏற்ற வேண்டாம்.

இரவு அனலுக்குச் செலவு குறைந்த மருந்து சுண்ணாம்புதான். மேலே சொன்ன மாடி வேலைகள் எல்லாம் முடிந்து, நன்றாகக் காய்ந்த பிறகு, தட்டோட்டின் மேல் வெள்ளையடித்துவிடுங்கள். காங்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவில் வீட்டுக்குள் விடுகிறது. வெள்ளைத் தளம் அந்த வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறைய வாய்ப்புண்டு. தெலங்கானா அரசு 2023ல் குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஏழை வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நாமும் உணர வேண்டும் என்று எனக்கு ஆசை. சுண்ணாம்பை முந்தின நாளே நீர்க்க வைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, தளத்தை நனைத்துக்கொண்டு சாயங்காலம் மெல்லிசாக மூன்று கோட் அடிக்கலாம். தடியாக ஒரே கோட் அடித்தால் பொரிந்து வந்துவிடும். கல் சுண்ணாம்பு கொதிக்கும்போது தெறிக்கும். தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. வருஷம் ஒரு முறை பங்குனியில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். முதல் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். காசு சேர்ந்த பிறகு குளிர் கூரைப் பெயின்ட் அடித்தால் சில வருஷம் தாங்கும்.

மத்தியானம் கொதிக்கிற தளத்தில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது விரிசல் பெரிதாகும். மாடியில் தென்னந்தடுக்குப் பந்தல் போடுவதும் உங்கள் ஊருக்குச் சரிவராது. வைகாசிக் கடைசியில் காற்று எழும்பும்போது முதலில் பறப்பது அதுதான். ஆனால் ஒன்று செய்யலாம். ஆசாரத்துச் சுவரின் மேல்பகுதியில் வென்டிலேட்டர் இருந்து, அதை அட்டை வைத்து அடைத்திருந்தால் திறந்து கொசுவலை அடியுங்கள். இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, காலை வெயில் ஏறும் முன் மூடிவிடுங்கள். ராத்திரிக் காற்று உங்கள் பக்கம் தாராளமாக வரும்.

சமையல்கட்டு ஓட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வேலை தெரிந்த ஓட்டு வேலைக்காரர் ஒருவர் கிடைத்தால் போதும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்பதே இந்தக் காற்றை நம்பித்தான், ஆகவே ஓடு ஆடுவதில் ஆச்சரியமில்லை. இறவாரத்து (கூரையின் கீழ் விளிம்பு) வரிசை, இரண்டு ஓர வரிசைகள், முகட்டுக்குப் பக்கத்து வரிசை ஆகியவற்றைத்தான் காற்று முதலில் தூக்கும். இந்த வரிசை ஓடுகளை மட்டும் அடியில் உள்ள துளையில் ஜிஐ கம்பி கோத்து, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கட்டச் சொல்லுங்கள். முகட்டு ஓட்டின் பழைய பூச்சு வெடித்திருந்தால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு கலந்த கலவையால் பூச வேண்டும். கெட்டிச் சிமென்ட் ஓட்டோடு சேர்ந்து அசையாமல் மறுபடி வெடிக்கும். ஓட்டின் மேல் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவது வேண்டாம், காற்று தார்ப்பாயோடு ஓட்டையும் சேர்த்து இழுக்கும். ஓடு பிரித்திருக்கும்போதே ரீப்பரிலும் கைமரத்திலும் கரையான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி பணம். உங்கள் ஊர்க் கூலிக்கு ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் பத்து நாள் என்றால் 18,500. அதற்குள் ஃபேன் பக்கத்துப் பூச்சு, மாடிப் பள்ளம், இடுக்கு, கைப்பிடிச் சுவர் மூலை, சன்ஷேடு காடி எல்லாம் முடியும். சிமென்ட், மணல், மருந்து, வலை, பூச்சு என்று சாமானுக்கு 8,000 வையுங்கள். விழுகுழாய் நீட்டுவதற்கும் சுவரடி மண் வேலைக்கும் 3,500. சுண்ணாம்புக்கு 2,000. ஓட்டு வேலைக்கு 4,500. மொத்தம் 36,500 ஆகிறது. மிச்சமுள்ள 3,500ஐத் தொட வேண்டாம். தட்டோட்டைப் பெயர்க்கும்போது எதிர்பாராமல் ஏதாவது தெரிய வரும். கடை விலை ஊருக்கு ஊர் மாறும், ஆகவே சாமானுக்கு இரண்டு கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். மேற்கு அறை உள்பூச்சும் வெளிப் பெயின்டும் அடுத்த தவணைக்கு இருக்கட்டும். சுவர் காய்வதற்கும் அந்தக் காலம் வேண்டும்.

மாடி வேலையைப் பங்குனிக்குள் தொடங்கிவிடுங்கள். சுண்ணாம்பு அதைத் தொடர்ந்து. ஓடு கட்டும் வேலை வைகாசி முதல் பாதிக்குள் முடிய வேண்டும், காற்று எழும்பிய பிறகு ஓட்டின் மேல் ஆள் ஏறுவது ஆபத்து. புரட்டாசியில் ஒரு நாள் மாடிக்குப் போய்ச் சருகு கூட்டி, விழுகுழாய் இரண்டிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே முழுதாக வந்து விழுகிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழைக்கு அது போதும்.

கொத்தனாரிடம் பேசும்போது மொத்தக் கான்ட்ராக்ட்டாகக் கொடுக்காமல் நாள் கூலிக்கே பேசுங்கள், சாமானை நீங்களே வாங்கிப் போடுங்கள். இடுக்கைக் கீறுவது பொறுமையான வேலை. கான்ட்ராக்ட் என்றால் அங்கேதான் முதலில் அவசரம் வரும். கடைசி இரண்டு நாள் கூலியைத் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேலை தெரிந்தவர் மறுக்க மாட்டார். பூச்சு காய்ந்ததும், சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால், விழுகுழாய்களைச் சாக்கு வைத்து அடைத்து ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். அது இரண்டு டன் எடை, நல்ல தளம் தாராளமாகத் தாங்கும். கம்பி துருத்தள்ளிய தளம் என்றால் மட்டும் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இரண்டு நாள் நிற்கட்டும். ஃபேன் பெட்டி, சுவர் மூலைகள், சன்ஷேடு சேரும் இடம் மூன்றையும் காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள். மூன்றும் காய்ந்திருந்தால் மீதிக் கூலியைக் கொடுத்துவிட்டு, ஃபேன் ஒயரை மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.